என் காரில் இன்னும் தீப்பிடிக்கவில்லை

எங்கள் தெருவில் எல்லாருடைய காரிலும் தீ எரிகிறது. என் காரில் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.

பால் வாங்கப் போனால் கேட்கிறார்கள். "என்ன அம்மிணி, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" வயிற்றைப் பார்ப்பதில்லை. காரைப் பார்க்கிறார்கள். "வாங்கி ரெண்டு வருசம் ஆச்சுல்ல? யார்கிட்டயாவது காட்டுனியா?"

பெரிய தீ இல்லை. ஒருவர் காரில் டேஷ்போர்டில் எரியும், இன்னொருவர் காரில் டிக்கியில். கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். சிக்னலில் நிற்கும்போது கையை வெளியே நீட்டி ஆற்றிக்கொள்கிறார்கள்.

எதிர்வீட்டு திலகவதி அக்காவின் காரில் தீ பின்சீட்டில் இருந்தது. அக்காவுக்கு வங்கியில் வேலை. பையை முன்சீட்டில் வைத்துக்கொள்வார். அவருடைய பின்னல் ஒரு காலத்தில் இடுப்புவரை இருந்தது. பிறகு தோள்வரை. இப்போது கழுத்தோடு நிற்கிறது.

"சூடா இல்லியாக்கா?"

"அதெல்லாம் பழகிருச்சு கண்ணு. மொதல்ல இருமல் வரும். அப்புறம் இருமுறதும் பழகிரும்."

போன வாரம் அந்தத் தீ முன்சீட்டுக்கு வந்துவிட்டது. அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றுதான் நான் போய் ஒரு தீயணைப்பான் வாங்கினேன். முழங்கை நீளம். சிவப்பு. கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கொடுத்தார்.

அதைக் காரில் பொருத்த வேண்டும். மெக்கானிக் நாச்சிமுத்து கவரைத் திறந்து பார்த்தார். உடனே மூடினார்.

"டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியில வெச்சுக்கங்க. வெளிய தெரியாது."

"தீப்பிடிச்சா எப்படிங்க எடுக்கிறது?"

"தீப்பிடிச்சா எதுக்குங்க எடுக்கணும்?"

"அணைக்க."

அவர் பட்டறையின் ஷட்டரை இறக்கினார். அவர் உள்ளே இருந்தார். நான் வெளியே இருந்தேன். "சாப்பாட்டு நேரமுங்க," என்றது ஷட்டர். அப்போதுதான் விடிந்திருந்தது.

நானே பொருத்தினேன். கை எட்டும் இடம் வேண்டும். பெல்ட் போட்டபடியே குனிந்து எடுக்க வேண்டும். உருண்டு போய் பிரேக்குக்கு அடியில் சிக்கிக்கொள்ளக் கூடாது. ஓட்டுபவர் சீட்டின் முன்பக்க அடிதான் சரியான இடம். சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, சிலிண்டரைத் தாங்கும் தகட்டை அதிலேயே கொடுத்து முடுக்கினால் போதும். காரில் ஓட்டை போட வேண்டியதில்லை.

ஸ்பானரும் தகடுமாகச் சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். தலை போயிற்று. தோள் போயிற்று. போல்ட் இன்னும் தள்ளி இருந்தது. தவழ்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் நிமிர்ந்து நடக்க முடிந்தது. மேலே மின்விசிறி ஓடியது. அதன் கீழே மேசை போட்டு ஓர் அதிகாரி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போல்ட் அவருடைய நாற்காலிக்கு அடியில் இருந்தது.

"என்ன வேணும்?"

"போல்ட் முடுக்கணும் சார்."

"இங்க அனுமதி கெடையாது."

"என் கார் சார்."

"கார் மேல இருக்கு. இது அடி."

"அடியும் காரோடதுதானே?"

"அப்படிச் சொல்லிட்டு வந்தவங்க எல்லாம் திரும்பிப் போயிட்டாங்க."

"நான் போகலை. காலைத் தூக்குங்க சார்."

அவர் யோசித்தார். ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு காலைத் தூக்கினார். நான் போல்ட்டைக் கழற்றி, தகட்டைக் கொடுத்து முடுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. இன்னும் முடுக்கினேன். ஆடவில்லை.

"இறக்கலாமா?" என்றார்.

"இறக்குங்க."

திரும்பி வந்து சிலிண்டரை உட்கார வைத்தேன். கொக்கியைப் போட்டேன். டக் என்ற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. எல்லாக் கார்களிலும் தீ ஒருமுறை குனிந்து எழுந்தது.

சற்று நேரத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சென்னியப்பன் வந்தார். அவர் பின்னால் தெருவே வந்தது. அவர் கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். நடுவில் அவர் காரிலிருந்து எடுத்து வந்த ஒரு குட்டித் தீ.

"ஏனுங்க அம்மிணி, உங்க காருல ஒரு பொருள் இருக்குதாமே."

"இருக்குதுங்க."

"தீ மனசு நோகுற மாதிரி நம்ம தெருவுல யாரும் நடந்ததில்லீங்க."

"நோகட்டுமுங்க."

"அதைக் கழட்டிப்போட்டு இதை வாங்கிக்கங்க. ரொம்பச் சாது. சத்தமே போடாது."

"வேண்டாமுங்க."

அவர் குரல் இறங்கியது. "எல்லாரும் எரியறப்ப நீங்க மட்டும் எரியாம இருந்தா, நாங்க என்னன்னுங்க நெனச்சுக்கிறது?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்வதற்குள் எதிர்வீட்டில் திலகவதி அக்கா வேலைக்குக் கிளம்பினார். தீ ஸ்டியரிங்கில் ஏறியிருந்தது. அக்கா ஸ்டியரிங்கை விரல்நுனிகளால் பிடித்திருந்தார். போய்ட்டு வரேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். புகை வந்தது.

நான் குனிந்து கொக்கியை விடுவித்தேன்.

"சின்ன சிலிண்டருங்க," என்றார் சென்னியப்பன். "ஒருவாட்டிக்குத்தான் வரும். அங்க அடிச்சா உங்களுக்கு இல்லீங்க."

அவர் சொன்னது சரி. நான் சிலிண்டரோடு ஓடிப்போய் அக்காவின் கார்க் கதவைத் திறந்து, அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. சிலிண்டரின் பூட்டுப் பின்னை உருவினேன். தீயின் அடியைப் பார்த்து வீசி வீசி அடித்தேன். வெள்ளைப் பொடி பறந்தது. தீ யார் வீட்டுப் பிள்ளையோ மாதிரி அழுதது. நான் நிறுத்தவில்லை.

அணைந்தது. சிலிண்டரும் காலி.

அக்கா நடுங்கிக்கொண்டு நின்றார். "குளுருது," என்றார். கோபமாகத்தான் சொன்னார். பிறகு அழுதார். மூக்கைச் சிந்தினார். "என்னமோ வாசனை வருது கண்ணு," என்றார்.

யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் சென்னியப்பன் தாம்பாளத்துத் தீயை என் காரின் முன்சீட்டில் இறக்கி வைத்துவிட்டார். தெரு கைதட்டியது. எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார்கள். நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

நான் போய் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தேன். "வணக்கமுங்க," என்றது தீ. அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டேன். இறுக்கினேன். அக்கா வெறுங்காலோடு வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. கதவுகளைச் சாத்தினேன். கண்ணாடிகளை ஏற்றினேன். காற்று வரும் இடங்களை எல்லாம் மூடினேன். வண்டியை எடுத்தேன்.

"எங்கீங்க போறோம்?" என்றது தீ.

"சும்மா ஒரு சுத்து."

தெருமுனை திரும்பும்போது தீ கொஞ்சம் இளைத்திருந்தது. பாலம் ஏறும்போது அதன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஒரே புழுக்கமுங்க. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்களேன்."

எனக்கும் மூச்சு முட்டியது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, இறக்காதே என்று தலையாட்டினார்.

"இறக்க மாட்டேன்," என்றேன்.

பாலம் முடியவில்லை. போகப் போக நீண்டுகொண்டே இருந்தது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.