நாலாம் விதி

மெஹ்னாஸுக்கு ஒரு கர்வம் உண்டு. கீழ்க்கட்டளை மெயின் ரோட்டில் பதினாறு வருஷமாக, கணினியில் தட்டச்சு செய்து கொடுக்கும் டிடிபி கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகையோ கிரயப் பத்திரமோ, கொடுத்த தாளில் இருப்பது ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே வந்துவிடும். அதில் சொந்தச் சரக்கைக் கலந்தால் மறுநாள் கடைக்கு எவர் வருவார்?

அந்தக் கர்வத்தோடுதான், இணையத்தில் எல்லோரும் கூடி எழுதும் தமிழ் அகராதியில் போய்ச் சேர்ந்தாள். வேலை இல்லாத மதியங்களில் வீட்டிலிருந்த தடித்த அகராதியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, இரண்டே மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு சொற்களைத் தட்டித் தள்ளினாள். மருந்துக்கும் ஒரு பிழை கிடையாது. பாராட்டு வரும் என்று காத்திருந்தாள்.

வந்தது எச்சரிக்கை. அந்த அகராதியைக் கவனித்துக்கொள்பவர்களில் ஒருவரான சுவிசேஷமுத்து, பங்களிப்பவர்களுக்கான விதிகளில் நாலாவதை எடுத்துப் போட்டிருந்தார்: ‘அச்சு நூல்களிலிருந்து படியெடுக்கக் கூடாது. பொருளை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள்.’ கீழே இன்னொரு வரி: ‘வரும் வெள்ளி மூன்று மணிக்குள் மாற்றி எழுதப்படாதவை நீக்கப்படும்.’

முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு பயம் வந்தது. ஊருக்கெல்லாம் வாக்கியம் அடித்துக் கொடுத்தவள், தனக்கென்று ஒன்றைக்கூட எழுதியதில்லை. எங்கிருந்து தொடங்குவதாம்?

ஜெராக்ஸ் எடுக்க வந்த கட்டடச் சொந்தக்காரர் தசரதனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, ஈரம்னா என்ன?"

"இன்னாம்மா கேள்வி இது? ஈரம்னா ஈரந்தான்."

"அப்படி எழுதினா ஒத்துக்க மாட்டாங்கண்ணா."

"தொவச்ச லுங்கி காயாம கீதுல்ல, அத்தான். இத்தப் போயி எவனாவது எய்தி வெப்பானா? பேஜாரு புடிச்ச வேல!"

அவர் போன பிறகு நெடுநேரம் யோசித்து எழுதினாள்: ‘துணியிலோ மண்ணிலோ தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருப்பது, தொட்டால் தெரியும்.’ எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு சிலிர்த்தது. நாற்பது வருஷமாக வாயில் புழங்கும் ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இருந்ததா! இதை எந்தத் தாளும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு சோறு தண்ணி மறந்து போயிற்று. உப்பு, கதவு, தாகம், கூச்சம் என்று ஒவ்வொரு சொல்லாக உற்றுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க மலைப்பு கூடியதே தவிர குறையவில்லை. வெள்ளி மதியம் ஒன்றரை மணிக்கு நூற்றைம்பது மிச்சம். ‘நிழல்’ பக்கத்தைத் திறந்து, எப்போதும் செய்வதுபோல் அதன் தலையில் ‘இதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்ற அறிவிப்பை ஒட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது.

யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அது அடங்குவதற்குள் சுவிசேஷமுத்துவுக்கு ஒரு செய்தி போட்டாள்: ‘இங்கே மின்சாரம் இல்லை. நூற்றைம்பது மிச்சம். முடியவில்லை, நீக்கிக்கொள்ளுங்கள்.’ திரை அணைந்தது. இருட்டுக் கடையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, மூன்று மணி ஆனபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நாலு மணிக்குக் கரண்டு வந்தது. பயந்து பயந்து பட்டியலைத் திறந்தாள். ஒரு சொல்கூட நீங்கியிருக்கவில்லை. எப்படி? எழுதியவர் பெயர்களைப் பார்த்தாள். இரம், பினாங்கு. ஞானாம்பாள், யாழ்ப்பாணம். மோகன்ராஜ், அனகாபுத்தூர். அனகாபுத்தூரா! பக்கத்து ஊர்க்காரர் ஆயிற்றே! முகம் தெரியாத பதினோரு பேர், அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் நூற்று நாற்பத்தொன்பது சொற்களையும் அவரவர் வாக்கியத்தில் எழுதி முடித்திருந்தார்கள். சுவிசேஷமுத்து மட்டும் நாற்பது. முன்பின் தெரியாத ஒருத்திக்காக! "யா அல்லாஹ்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

‘நிழல்’ மட்டும் அப்படியே கிடந்தது. அடியில் சுவிசேஷமுத்து எழுதியிருந்தார்: ‘எழுதிக்கொண்டிருப்பதாக அறிவிப்பு உள்ள பக்கத்தில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது என்பது ஒன்பதாம் விதி. கெடு இதற்குப் பொருந்தாது. நீங்கள் எழுதுங்கள் அக்கா, காத்திருக்கிறோம்.’

கடை பெஞ்சில் இத்தனை வருஷமும் ஜனங்கள் காத்திருந்தது அவரவர் வாசகத்துக்கு. அவள் வாசகத்துக்காக யாரும் காத்திருந்ததில்லை.

"கரண்டு வந்துச்சே, ஒரு அக்ரிமெண்ட்டு அட்சிக் குடும்மா" என்று தசரதன் உள்ளே வந்தார்.

"கொஞ்சம் இருங்கண்ணா. உங்களுக்கு முன்னாடி பதினோரு பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

தசரதன் காலி பெஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்தார். மெஹ்னாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்: ‘வெயிலுக்கும் நமக்கும் நடுவில் யாராவது வந்து நிற்பதால் கிடைக்கும் இடம்.’