இத்தோவின் இறங்காத கை

நாடாளுமன்ற நிதிக்குழுவில் இத்தோ உஹம்மு தூக்கிய வலது கை அதன்பிறகு இறங்கவே இல்லை. அட்லஸ் மலையில் தன் தொகுதியின் தம்கா ஆற்றுக்குப் பாலம் கேட்டு அவள் பட்ஜெட்டுக்குத் திருத்தம் கொடுத்திருந்தாள். முந்தைய பனிக்காலத்தில் அவளுடைய தங்கை பிரசவ வலியோடு, கடக்க வழியில்லாமல், அந்தக் கரையிலேயே கிடந்து செத்திருந்தாள். ஆதரிப்போர் கை தூக்கலாம் என்றதும் பதினெட்டுக் கைகள் உயர்ந்தன. எண்ணி முடிப்பதற்குள் நிதியமைச்சர் எழுந்து, செலவைக் கூட்டும் திருத்தத்தை அரசு ஓட்டுக்கே விடாமல் தள்ளலாம் என்ற சாசனப் பிரிவைப் படித்துவிட்டு உட்கார்ந்தார். பதினேழு கைகள் இறங்கின. இரண்டு சேவகர்கள் பதினெட்டாவதில் தொங்கிப் பார்த்தார்கள். நரம்பில் கோளாறில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். இடது கையால் சாப்பிடுவது அசிங்கம் என்பதால் கணவன் ஸாயித் தினமும் குஸ்குஸ் ரவைச் சோற்றை உருட்டி ஊட்டினான்.

அரசுக்கு லாட்டரி அடித்தது. மன்றத்தில் கைகளைத்தான் எண்ணுவார்கள், வாயை எண்ண விதியில் இடமில்லை. மாவு மானியத்தை வெட்டிய அன்று, "நான் எதிர்க்கிறேன்யா! காது செவிடா?" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். எழுத்தர் கையைப் பார்த்து ஆதரவு என்று குறித்துக்கொண்டார். வராமல் இருந்துவிடலாம், ஆனால் பாலத்தைக் கேட்க வேறு ஆளில்லை. மூன்று அமைச்சர்கள் மாறினார்கள். மூவரும் அவளைக் கண்டால் குனிந்து வணக்கம் சொன்னார்கள், வெட்கம் கெட்டவர்கள். பாலத் திருத்தம் ஆறு வருடமும் வந்து ஆறு முறையும் அதே பிரிவில் செத்தது.

சந்தையில் கசாப்புக்காரன் பாஸ்ஸு வழிமறித்தான். "ஏம்மா இத்தோ, மாவு வெலைய ஏத்தவா உனக்கு ஓட்டுப் போட்டோம்? அந்தக் கைய வெட்டிக் குடு, கொக்கியில மாட்டுறேன்."

"வெட்டு. அதையும் கொண்டுபோய் பெஞ்சுல நட்டுவச்சு எண்ணுவானுங்க."

ஏழாம் வருடம் ராஜினாமாக் கடிதத்தைச் சபாநாயகர் மேசையில் விட்டெறிந்துவிட்டு நேரே ஆற்றங்கரைக்கு வந்து பாறைமேல் நின்றாள். எதிர்க்கரை வால்நட் மரத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனையை ஸாயித் தயங்கித் தயங்கி நீட்டினான். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? மணிக்கட்டுல இறுக்கிக் கட்டு!" கயிற்றில் கூடை தொங்கியது. முதலில் போனவள் நிறைமாத கர்ப்பிணி. வெள்ளத்திலும் கை அசையவில்லை.

அடுத்த பட்ஜெட்டில் புது உறுப்பினர் பாலம் கேட்டார். தம்கா ஆற்றைக் கடக்க ஏற்கெனவே வசதி இருப்பதால் செலவுக்கு அவசியமில்லை என்று அமைச்சர் பதில் படித்தார். ரேடியோவில் அதைக் கேட்ட இத்தோ காறித் துப்பினாள். அன்று சந்தை நாள். மாலைக்குள் நாற்பத்தொரு பேரையும் மூன்று ஆடுகளையும் அக்கரை சேர்த்தாள்.