பத்தில் ஒன்பது பேர்

வழிகாட்டிப் பெண் பின்புறமாகவே நடந்துகொண்டிருந்தாள். முகம் இவர்களைப் பார்த்திருக்க, கால்கள் தாமாகப் பாதையைக் கண்டுபிடித்துப் போயின. கல்லூரியைச் சுற்றிக்காட்டுகிற பிள்ளைகள் எங்கேயும் அப்படித்தான் நடப்பார்கள். இருந்தாலும் டார்லாவின் கண் அந்தப் பெண்ணின் காலடியை விட்டு நகரவில்லை. பல வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். கண்ணாடியைப் பார்க்காமல் ஓர் அடிகூடப் பின்னால் எடுத்ததில்லை.

"படி வருது, கண்ணு."

"தெரியும் மேடம். தூக்கத்துல விட்டாக்கூட இந்த வழியில நடப்பேன்," என்று சிரித்தாள் அந்தப் பெண், மெரிடித். சொன்னபடியே திரும்பிப் பாராமல் ஏறினாள்.

மேலே நின்று அவள் ஒரு கணக்குச் சொன்னாள். இந்தக் கல்லூரியிலிருந்து மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இடம் கிடைத்துவிடுகிறதாம். வந்திருந்த பெற்றோர் எல்லோரும் தலையாட்டினார்கள். டார்லா மகளின் முழங்கையை அழுத்தினாள். ஆட்ரா அதைக் கேட்காததுபோல் மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவள் காதுமடல் சிவந்துபோயிருந்தது.

அமெரிக்காவில் டாக்டர் ஆவதென்றால் முதலில் நான்கு வருடம் ஏதாவதொரு கல்லூரியில் படித்துவிட்டுத்தான் மருத்துவப் பள்ளியின் கதவைத் தட்ட முடியும். அந்த நான்கு வருடத்துக்கு ஆட்ராவின் முன்னால் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, குன்றின் மேலிருக்கிற இந்தச் சின்னக் கல்லூரி. இன்னொன்று, நெப்ராஸ்காக்காரர்கள் எல்லோரும் போகிற அரசுப் பல்கலைக்கழகம். அங்கே வகுப்புக்கு நூற்றுக்கணக்கானவர்கள் உட்காருவார்கள். அங்கிருந்து மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிப்பவர்களில் பாதிப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை.

ஆட்ராவின் ஊர் ஆஸ்பத்திரியை அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே மூடிவிட்டார்கள். ஒரு பனிக்காலத்தில் பக்கத்து வீட்டு நோராவைப் பிரசவத்துக்குத் தூரத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன கார், சாலை தெரியாமல் தானியக் கிடங்கின் எடைமேடையில் ஒதுங்கி நின்றது. பிள்ளை அங்கேயே பிறந்தது. கூடப் போயிருந்த ஆட்ராதான் டார்ச்சைப் பிடித்திருந்தாள். கை கொஞ்சமும் ஆடவில்லை என்று நோரா இன்றைக்கும் சொல்வாள். அன்றிலிருந்து இந்தப் பெண்ணுக்கு வேறு நினைப்பு கிடையாது. தோற்றால் அழுகிற பெண்ணும் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவாள். அந்த மௌனத்துக்குத்தான் டார்லா பயந்தாள். பத்தில் ஒன்பது என்கிற கணக்கு அவளுக்கு ஒரு கைப்பிடிச் சுவர் மாதிரி இருந்தது.

வேதியியல் கட்டடம் வந்தபோது அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மெரிடித், "இது வேதியியல்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடையை எட்டிப்போட்டாள். புல்லுக்குத் தண்ணீர் விடுகிற குழாய் பாதையின் குறுக்கே கிடந்தது. டார்லா வாயைத் திறப்பதற்குள் மெரிடித் மல்லாந்து விழுந்தாள்.

மற்றவர்களை வேறொரு பையன் அழைத்துப் போனான். டார்லா காரிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்துவந்து மகளிடம் கொடுத்தாள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவள், நேராகக் கல்லூரிக் கடைக்குள் நுழைந்தாள். கல்லூரியின் பெயர் போட்ட பச்சைச் சட்டை ஒன்றை வாங்கிக் கைப்பையின் அடியில் திணித்துக்கொண்டாள்.

படிக்கட்டில் ஆட்ரா மெரிடித்தின் கையிலிருந்த உரசல் காயத்திலிருந்து மண்ணை ஒற்றி எடுத்தாள். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. மெரிடித் தன் கையை யாருடையதோபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானும் டாக்டராக வேண்டும் என்றுதான் இங்கே வந்ததாகச் சொன்னாள். விண்ணப்பிக்க வேண்டுமானால் கல்லூரிக் குழு பரிந்துரை தர வேண்டும். யாருக்கு இடம் நிச்சயம் என்று தோன்றுகிறதோ அவர்களுக்குத்தான் தருவார்கள். வேதியியலில் ஒருமுறை மதிப்பெண் சரிந்ததும், வேறு ஏதாவது யோசித்தாயா என்று அன்பாகக் கேட்டார்களாம்.

"ரொம்ப அன்பா. கோவப்படக்கூட முடியல," என்றாள் மெரிடித்.

ஆட்ரா பிளாஸ்திரியின் ஓரத்தை அழுத்தினாள். "குடுத்திருந்தா உங்களுக்குக் கிடைச்சிருக்குமா?"

"தெரியலையே. அதைத் தெரிஞ்சுக்கத்தான் விடலையே."

திரும்பும் வழியெல்லாம் சோள வயல்கள் உழுது கறுப்பாகக் கிடந்தன. நகரத்தைத் தாண்டியபின் ஆட்ரா நடந்ததைச் சொன்னாள். "அந்தப் பத்துப் பேருல அவ இல்லவே இல்லம்மா. எண்ணுறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க."

"நீ அவ இல்லடி."

"அவ அம்மாவும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க."

டார்லாவின் கால் பிரேக்கை அழுத்தியது. ரயில் தண்டவாளம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் தண்டவாளத்துக்கு முன்னால் நின்று, கதவைத் திறந்து, ரயில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டபிறகுதான் கடக்க வேண்டும். அவளுக்குச் சொந்தக் காரிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது கார்ம்மா," என்றாள் ஆட்ரா, வழக்கம்போல.

"ரயிலுக்கு அது தெரியுமா?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் டார்லா சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "அந்தப் பெரிய யுனிவர்சிட்டில பாதிக்கு மேல விழுறாங்க. நீ விழுந்து நான் பாக்கணுமா?"

"விழுந்தா விழுந்தேன்னு தெரியும்லம்மா."

கைப்பை இருவருக்கும் நடுவில் இருந்தது.

மே முதல் தேதிக்குள் எந்தக் கல்லூரி என்று உறுதி சொல்லிவிட வேண்டும். அன்றைக்குப் பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் தாங்கள் சேரப்போகிற கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அதற்கு முந்தின நாள் டார்லா பச்சைச் சட்டையை மடித்து மகளின் கட்டில்மேல் வைத்தாள். அரசுப் பல்கலைக்கழகத்தின் சிவப்புச் சட்டையை வாங்க வேண்டியதில்லை. அந்த ஊரில் எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒன்று கிடக்கும். காலையில் பேருந்தை எடுக்கக் கிளம்புமுன் எட்டிப் பார்த்தாள். கட்டிலில் ஆட்ராவும் இல்லை, பச்சைச் சட்டையும் இல்லை. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

வீட்டு முனையில் ஆட்ரா ஏறியபோது கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தாள். "குட் மார்னிங் டிரைவர்," என்றாள். ஓட்டுநருக்குப் பின்னாலிருக்கிற இருக்கையில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலிருக்கிற நீளக் கண்ணாடியில் அவள் முகமும், தாடைக்குக் கீழே ஜிப்பின் சின்ன உலோக நாக்கும் தெரிந்தன. உள்ளே போட்டிருந்த சட்டையின் நிறம் தெரியவில்லை.

தண்டவாளம் வந்தது. டார்லா பேருந்தை நிறுத்தி, விசிறிகளை அணைத்து, கதவைத் திறந்தாள். பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் வழக்கப்படி வாயை மூடினார்கள். ஈர மண்ணின் குளிர் உள்ளே வந்தது. அந்த அமைதியில், அவள் முதுகுக்குப் பின்னால், ஒரு ஜிப் மெதுவாகக் கீழே இறங்கும் சத்தம் கேட்டது.

டார்லா கண்ணாடியைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் தண்டவாளம் பனியில் நனைந்து, கண்ணுக்கு எட்டும்வரை வெறுமையாகக் கிடந்தது. கதவுப் பிடியில் கையை வைத்தபடி அவள் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.