பொறந்தநாளுக்குப் பத்து நாள்

'ஷார்ட் டெர்ம்.'

திரையில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் அனிஷாவின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

கணவன் ஆரோக்கிய பிரவீன் பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலில் அடிபட்டுச் செத்து எட்டு மாதம். அவன் பெயரில் கடைசி வருமான வரிக் கணக்கை வாரிசாக அவள்தான் தாக்கல் செய்யவேண்டும். ஓசூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவன். வாங்கிய ஒவ்வொரு பங்கையும் தேதி, விலையோடு வெறும் எழுத்தாக ஒரு ஃபைலில் அடித்து வைப்பான். ஒரு கட்டளை கொடுத்தால் போதும், எந்த விற்பனையில் எவ்வளவு லாபம், அது ஷார்ட் டெர்மா லாங் டெர்மா என்று புரோகிராம் பிரித்துக் கொட்டிவிடும். ஃபைலில் ஏறாமல் விட்டுப்போன கடைசி விற்பனையை, புரோக்கர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து இப்போதுதான் அவள் சேர்த்தாள்.

"இன்னும் முடியலையா?"

எதிரே ஜோசப் ராஜ். பிரவீனின் அண்ணன். மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி. நிலத் தகராறில் தம்பியோடு ரெண்டு வருஷமாகப் பேச்சே இல்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்தவன்.

"நஷ்டம்னு போட்டு அனுப்பிவுடு. இதுல என்ன நோண்டல்? லேப்டாப்பைக் குடும்மா, எனக்குத் தெரிஞ்ச ஆடிட்டர் பாத்துக்குவாரு."

நஷ்டம். ஊரில் அந்தச் சொல்லை விதைத்தவனே இவன்தான். ஷேரில் தோற்றான், பேங்கில் இருந்ததைத் துடைத்தெடுத்துக் கடனைக் கட்டினான், தண்டவாளத்தில் போய் விழுந்துவிட்டான். அடக்கத்தன்றைக்கே கல்லறைத் தோட்டத்தில் கிசுகிசுத்தார்கள். 'உங்கப்பா சூதாடித்தானே செத்தாரு?' என்று பள்ளியில் ஒருத்தி கேட்டதிலிருந்து மகள் பிளசி தினமும் அழுதுகொண்டேதான் யூனிஃபார்ம் போடுகிறாள். மாமியார் பாக்கியமேரி பூசைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

"நஷ்டம் இல்லீங்க மாமா. ஆறு லட்சத்துப் பன்னெண்டாயிரம் லாபம்."

ஆடிக்கொண்டிருந்த ஜோசப் ராஜின் கால் நின்றது.

"மெஷினு எதையோ உளறுது."

"வாங்குன விலை அவரு அடிச்சு வச்சது. வித்த விலை புரோக்கர் குடுத்தது. வித்ததுலேருந்து வாங்குனதைக் கழிச்சுச் சொல்லுது, அவ்வளவுதானுங்க."

ஆனால் அவளைக் குடைந்தது வேறு. வாங்கி ஒரு வருஷம் தாண்டி விற்றால் வரி பன்னிரண்டரை சதவீதம். அதற்குள் விற்றால் இருபது. பிரவீன் ஒருமுறைகூட முந்தி விற்றதில்லை. வருஷம் நிறைவதைப் 'பொறந்தநாள்' என்பான். அன்றைக்குத் தேன்மிட்டாய் வாங்கிவந்து, "பங்குக்கு ஒரு வயசு ஆயிடுச்சுடி" என்று பிளசி வாயில் திணிப்பான். புருஷன், பெண்டாட்டி, மகள் மூன்று பேருக்குள் ஓடிய கூத்து அது. மாமியாருக்குக்கூடத் தெரியாது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஃபைலில் எல்லா விற்பனையும் லாங் டெர்ம். சாவுக்கு ரெண்டு நாள் முன்னால் விற்ற இது மட்டும்தான் ஷார்ட் டெர்ம்.

"எதுக்கு இப்படி அவசரப்பட்டாரு?" தனக்குள் பேசிக்கொள்வதுபோலத்தான் சொன்னாள். "கொஞ்சம் பொறுத்திருந்தா வரி எவ்வளவோ கொறஞ்சிருக்குமே."

"ஆமா, பொறுத்திருந்தா!" ஜோசப் ராஜ் எரிந்து விழுந்தான். "பொறந்தநாளுக்குப் பத்தே நாளுதாண்ணான்னு அவனுந்தான் கெஞ்சுனான். கடன்காரன் பொறுப்பானா..."

வாய் மூடிக்கொண்டது. தாமதமாக.



"ரெண்டு வருஷமாப் பேச்சில்லைன்னீங்க," அனிஷா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "பொறந்தநாளுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவன் லேப்டாப்பின் மேல் பாய்ந்தான். அவள் மார்போடு இறுக்கிக்கொண்டு சுவர்வரை பின்வாங்கினாள். சமையலறை வாசலில் பாக்கியமேரி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நடந்துபோய் வாசல் கதவைத் தாழ் போட்டாள்.

அனிஷா தாழைப் பார்த்தாள். இருக்கிற மகனையாவது காப்பாற்றத்தானே பார்ப்பாள் பெற்றவள்?

"அதை வாங்கும்மா அவகிட்டேருந்து," என்றான் ஜோசப் ராஜ்.

பாக்கியமேரி அவன் முகத்தையே பார்த்தாள். "சின்னவன் தானா வுழலையாடா?"

"அம்மா..."

"வாயத் தொறந்து சொல்லு."

"மண்டியில கழுத்துக்கு மேல கடன். அவன்தான் வித்துக் கொண்டாந்தான். ஸ்டேஷன் கடைக்கோடில வச்சுப் பணப் பையைக் குடுத்துட்டு, கடன் சீட்டுல கையெழுத்துப் போடுண்ணான்னான். அண்ணந்தம்பிக்குள்ள என்னடா கையெழுத்துன்னேன். பையைப் புடிச்சு இழுத்தான். ஒதறுனேம்மா. அவ்வளவுதான். வண்டி வந்தது எனக்குத் தெரியலை."

"எம்புள்ள தானாப் போயிட்டான்னு எட்டு மாசமா செபமாலையத் தொடலை நான்." அவள் குரல் உயரவே இல்லை. "நீ இந்த வூட்டுல, எம்பக்கத்துல உக்காந்து சோறு தின்னுருக்க."

தாழை விலக்கினாள்.

"போ அனிஷா. அதையும் எடுத்துக்க. ரூமுல தூங்குற பிளசிய எழுப்பிக் கூட்டிக்கிட்டு நேரா போலீசுக்குப் போ."

"அத்தை, நீங்களும் வாங்க..."

"போன்னேன்ல."

பிளசியோடு தெருவில் கால் வைத்ததும் பின்னால் தாழ் விழும் சத்தம் கேட்டது. "வழிய வுடும்மா" என்று அவன் கத்தினான். கதவில் முதுகைச் சாய்த்து மாமியார் உட்கார்ந்துவிட்டதுபோல, பலகை முனகியது.

முக்குத் திரும்பும்வரை அனிஷாவுக்கு அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. பாக்கியமேரி ரெண்டு மகன்கள் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லி அழுதாள்.