துணிக்கொடி பார்த்து ஊர் சுற்றினோம்

பெரிய நகரத்தைச் சுற்றிப் பார்க்க மூன்று பேருக்கு ரயில் சீட்டு எடுத்திருந்தோம். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து குதிகாலை உடைத்துக்கொண்டார். சலுகை விலைச் சீட்டு. திருப்பிக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. என்னைப் பக்கத்து வீட்டுக்காரர் பாத்துக்குவாரு” என்றார், கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு.

அண்ணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருவரும் அண்ணன் முகத்தையே பார்த்தோம். பதினோரு வருடமாக எங்கள் பேச்சுவார்த்தை அப்படித்தான். சண்டை என்று ஒன்றும் கிடையாது. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, “உங்க தங்கச்சி சாப்பிட்டாச்சான்னு கேளுங்க” என்பார் அண்ணி. “சாப்பிட்டேன்னு சொல்லுங்க” என்பேன் நான். நடுவில் அண்ணன், தபால்காரர் மாதிரி.

அண்ணிக்கு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. நான் குடிநீர் அலுவலகத்தில் தட்டச்சர். இந்த நாட்டின் ஆகப் பெரிய நகரத்தை இருவருமே பார்த்ததில்லை.

தங்கியது பெண்கள் விடுதியில், எட்டுப் பேர் படுக்கும் அறை. லிஃப்ட் கிடையாது, நான்கு மாடி. அண்ணிக்கு மேல் கட்டில் கிடைத்தது. ஏறி உட்கார்ந்ததும் தலை விட்டத்தில் இடித்தது. “ஊரு பெருசு, ரூம்தான் சின்னது” என்றார், யாரிடமென்று இல்லாமல். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆறு நாளுக்கும் நான் பட்டியல் போட்டிருந்தேன். இலவச அருங்காட்சியகம், இலவசத் தோட்டம், ஏறிப் பார்க்கக் காசு கேட்காத பாலம். முதல் நாள் பழைய நகரத்தின் சந்துகளில் கால் வலிக்க அலைந்தோம். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொண்டுபோன ரொட்டியையும் பழத்தையும் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அங்கே இரண்டு காவலர்கள் வந்து எழுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் அண்ணி வாய் திறந்தார். தபால்காரர் இல்லாததால் நேராகவே சொல்ல வேண்டியிருந்தது.

“உன் லிஸ்ட்டுல கட்டடமா இருக்கு. இந்த ஊர்ல மனுஷங்க எங்க இருக்காங்க?”

“நீங்களே சொல்லுங்க, எங்க போகலாம்?”

“வர்ற பஸ்ல ஏறு. கடைசி ஸ்டாப்ல இறங்கு.”

கையில்தான் நாள் முழுக்கச் செல்லும் சீட்டு இருந்ததே. ஏறினோம். அன்று மட்டும் நான்கு பேருந்து, நான்கு கடைசி நிறுத்தம்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் கடைகளைப் பார்த்தேன். அண்ணி மாடிகளைப் பார்த்தார். காயப்போட்ட துணிகளைப் பார்த்தார். துறைமுகத்தை ஒட்டிய தெருவில் தடித்த நீலச் சட்டைகள் தொங்கின. “கிரீஸ் போகல பாரு. வெந்நீர்ல ஊறப்போட்டிருக்கணும்.” இன்னொரு தெருவில் கொடி நிறைய சின்னஞ்சிறு துணிகள். “இந்தத் தெருவுல ராத்திரி எவளும் தூங்கமாட்டா.” பெரிய பெரிய வீடுகள் இருந்த பகுதியில் ஒரு மாடியிலும் ஒரு கொடிகூட இல்லை. அண்ணி ரொம்ப நேரம் தேடிவிட்டு, “இங்க யாரும் துணியே உடுத்துறதில்லையோ?” என்றார். இந்தத் தடவை நான் அடக்கவில்லை. பேருந்தே திரும்பிப் பார்த்தது.

நான்காவது கடைசி நிறுத்தத்தில் எல்லா மாடியிலும் வெள்ளைச் சீருடைகள். நர்ஸ்களின் உடை. அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது.

“பெரிய ஆஸ்பத்திரி இங்கதான் இருக்கு” என்றார்.

“எப்படித் தெரியும்?”

நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். நீளமான மதில் சுவர் வந்தது. அதன் பின்வாசலில், ஆவி கக்கிக்கொண்டிருந்த சலவைக் கூடத்துக்கு எதிரே, நின்றார்.

“இங்கதான் சலவை மேற்பார்வையாளர் ட்ரெய்னிங்குக்குக் கூப்பிட்டாங்க. கல்யாணமான புதுசுல. வரமுடியாதுன்னு லெட்டர் போயிருச்சு. நான் போடாத லெட்டர்.”

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று தொடங்கும். அண்ணிக்கு விருப்பமில்லை என்று அண்ணன் சொன்னார். நான் அடித்துக் கொடுத்தேன். அண்ணி அப்போது அடுத்த அறையில் இருந்தார். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் உண்மை.

“அண்ணன்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“உங்க அண்ணன் விஷயம் தெரிஞ்ச அன்னைக்கே அழுதாரு. பொண்டாட்டி தூரமாப் போயிருவாளோன்னு பயந்துட்டேன்னு ஒத்துக்கிட்டாரு. லெட்டரை நீ அடிச்சுக் குடுத்ததையும் சொன்னாரு. திட்டித் தீத்துட்டேன், முடிஞ்சுபோச்சு. நீ ஒரு வார்த்தை சொன்னியா? நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு வருஷம் பாத்தேன். அப்புறம் பழகிருச்சு.”

“தப்பு பண்ணிட்டேன் அண்ணி. தெரிஞ்சேதான் பண்ணினேன்.”

அழுதுவிட்டேன். சலவை மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று எங்களை உரசிக்கொண்டு உள்ளே போனது. அண்ணி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். இழுத்த கையை உடனே விடவில்லை.

“சரி, மூக்கைத் துடை. உள்ள போய்ப் பாத்துட்டு வருவோம்.”

“விடுவாங்களா?”

“சலவைக்காரியைச் சலவைக்காரி விடாமலா?”

உள்ளே மேற்பார்வையாளர் அம்மா, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடி, மடித்த விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். “யாரு நீங்க? இங்கெல்லாம் வரக்கூடாது.”

அண்ணி அடுக்கிலிருந்த ஒரு விரிப்பின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். “கடைசி அலசல் பத்தல. சோப்பு நிக்குது. நோயாளிக்கு அரிக்குமே.”

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. பிறகு அவரும் ஒரு விரிப்பை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். “ஒரு வாரமா தண்ணி சரியில்லை. நானும் கத்திக்கிட்டுத்தான் இருக்கேன், எவன் கேக்குறான்? நீங்க எந்த ஆஸ்பத்திரி?”

அவ்வளவுதான். அடுத்த அரை மணி நேரம் நான் அங்கே இருந்ததையே இருவரும் மறந்துபோனார்கள். உப்புத் தண்ணீர், ரத்தக் கறை, பழுதான உலர்த்தும் இயந்திரம் என்று பேசிப் பேசி, கடைசியில் அண்ணி மெதுவாகக் கேட்டார்:

“அந்த மேற்பார்வையாளர் பயிற்சி இப்பவும் நடக்குதா?”

“வருஷா வருஷம் நடக்குது. ஆறு மாசம். வேலையில இருக்கிறவங்களுக்குச் சம்பளத்தோட லீவு.”

“எனக்கு நாப்பத்திரண்டு.”

“நாப்பத்தஞ்சு வரைக்கும் எடுப்பாங்க. விண்ணப்பம் வெள்ளிக்கிழமை முடியுது. ஆனா எல்லாருக்கும் கிடைக்காது, சொல்லிட்டேன்.”

அலுவலக மேசையில் வைத்து அண்ணியே தன் கையால் படிவத்தை நிரப்பினார். நான் எட்டிப் பார்க்காமல் வாசலில் நின்றேன்.

வெளியே வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டார். “மனு குடுத்துட்டேன். கிடைச்சா ஆறு மாசம் இங்கதான் இருப்பேன்.” அண்ணன் குரல் எனக்கே கேட்டது: “குடுத்துட்டியா... நல்லது. இந்த வாஷிங் மெஷின்ல எந்தப் பட்டனை அமுக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ.” அண்ணி அழுதுகொண்டே சிரித்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த நகரமே வேறு. பேருந்து நின்ற இடமெல்லாம் அண்ணியின் கேள்விகள் மாறின. இங்கே தண்ணீர் எப்போது வரும்? ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேருந்து மாற வேண்டும்? மாலையில் ஒரு பெண் தனியாக நடந்துவரலாமா? ரயில் பாதையை ஒட்டி வாடகைக்கு ஓர் அறை பார்த்தோம்; ரயில் போனபோது சுவரும் சேர்ந்து ஆடியது. துறைமுகத் தெருவில் வீட்டுக்காரம்மா, “வீட்டுக்காரரு வரலையா?” என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை, “அவருக்குக் கால் உடைஞ்சிருக்கு, நான் உடைக்கல” என்று சொல்லிவிட்டு அண்ணி படியிறங்கிவிட்டார்.

ஐந்தாம் நாள் படிக்கட்டுத் தெரு ஒன்றில் சாவி செய்பவரின் கடைக்கு மேலே ஓர் அறை இருந்தது. சின்னதுதான், ஆனால் தனி மொட்டை மாடி. சாவிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “யாரு தங்கப்போறது?” என்றார்.

“நான்தான்” என்றார் அண்ணி. அவர் அப்படி நிமிர்ந்து சொல்லி நான் கேட்டதில்லை.

“முடிவு தெரியுறவரைக்கும் ஒரு மாசம் யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா.”

முடிவு ஐந்து வாரம் கழித்துத்தான் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. சாவிக்காரரும் சொன்னதற்கு மேல் ஒரு வாரம் பொறுத்திருந்தார். ஆனால் அன்று எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. மாடிச் சுவரில் கையூன்றி நின்றோம். கீழே, வெயில் சாய்ந்த நேரத்தில், கூரை கூரையாக நகரம் விரிந்து கிடந்தது.

“அந்தா, ஆத்துக்கு அந்தப் பக்கம், பச்சைக் கூரையா தெரியுதே, அது எந்த ஏரியா?”

“தெரியல அண்ணி.”

“போய்ப் பாத்துருவோமா?”

“நாளைக்கு சாயங்காலம் ரயிலு.”

“சாயங்காலம்தானே” என்றார் அண்ணி. “காலையில என்ன வேலை?”