இடது மிதி

பஸ் ஸ்டாண்டில் என்னை வரவேற்க வந்த தயாவதி அம்மாள், கையில் சாமந்தி மாலையோடு என்னைத் தாண்டி பஸ்ஸுக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம் வாங்காமல் சங்கீதம் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு டீச்சர் வருகிறாள் என்றதும் வெள்ளைக்காரியைத்தான் நினைத்திருக்கிறார். நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவள். பெயர் மங்கையர்க்கரசி. நிறமும் காஞ்சிபுரத்து நிறமேதான். "நான்தாங்க அது" என்றேன். மாலையைப் போட்டார், ஆனால் பஸ் கிளம்பிப் போகும்வரை அவருக்கு என் மேல் நம்பிக்கை வரவில்லை.

அது அறுபத்தொன்பதாம் வருஷம். தயாவதி அம்மாள் சமணர். சின்ன காஞ்சிபுரத்தில் பெண் குழந்தைகளுக்கு ஒரு விடுதி நடத்தினார். அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர இரண்டு வருஷத்துக்கு என்னை ஒரு தொண்டு அமைப்பு அனுப்பியிருந்தது. நான் தங்கியது விடுதிக்குப் பக்கத்துத் தெருவில், நெசவுக்காரர் ஒருவரின் மனைவி கங்கையம்மாளின் வீட்டுக் கூடத்தில். கூடத்தின் நடுவில், நெய்பவர் விளிம்பில் உட்கார்ந்து கால் விட்டு மிதிக்கிற தறிக்குழி ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தறியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார்கள். பாதி நெய்த சேலையையும் நெய்யாமல் மீந்த பாவு நூலையும் சுருட்டி, பழைய வேட்டியில் கட்டி, உத்திரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். கங்கையம்மாள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். குழியை மூடக்கூடாது, மூட்டையைத் தொடக்கூடாது.

"பாதிப் பாவு நூலை அறுக்கமாட்டோம் டீச்சர். நெய்யறவரு வந்து முடிக்கணும். அறுக்காத வரைக்கும் அவரு வேலையில இருக்கறாருன்னுதான் அர்த்தம்."

வேலையில் இருப்பதாகச் சொல்லப்பட்ட அவள் கணவர் முருகேசன், மழைக்காலத்தில் தென்னேரிக்கு உறவினர் வீட்டுக்குப் போனவர். ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்துகொண்டிருந்த நேரம். போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. நான் வந்தபோது அது நடந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கங்கையம்மாள் கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது. மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு, ராட்டையில் பட்டு நூல் சுற்றிப் பிழைத்தாள்.

நான் ஊரிலிருந்து கொண்டுவந்த கால் ஆர்மோனியம் கப்பலில் கால் உடைந்து வந்தது. பெட்டிக்குச் சேதமில்லை, தாங்கி நிற்கிற கால்கள்தான் போய்விட்டன. தச்சர் இன்று நாளை என்று இழுத்தடித்தார். காலால் அமுக்கிக் காற்றடிக்கிற இரண்டு மிதிகளும் கீழே தொங்க வேண்டும், பெட்டி மடிக்கு நேரே இருக்க வேண்டும். இதற்கு வழியென்ன என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, வழியைக் கண்டுபிடித்தவள் கங்கையம்மாள்தான்.

"குழி மேல ரெண்டு பலகையப் போட்டுப் பொட்டிய வையி. நீ அவரு குந்தற எடத்துல குந்திக்கினு காலை உள்ள வுடு."

அளவெடுத்துச் செய்தமாதிரி பொருந்தியது. எனக்கு என் சாமர்த்தியத்தின் மேலேயே பெருமை வந்துவிட்டது, யோசனை அவளுடையது என்றாலும். குழிக்குள் கால் வைத்தால் மட்டும் ஜில்லென்றிருந்தது. மண் தரைதானே என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் பள்ளிவிட்டு என் கூடத்துக்கு வருவார்கள். நானே கட்டிய எளிய காலை வணக்கப் பாட்டு ஒன்றைப் பழக்கினேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது தயாவதி அம்மாள் வீட்டு வழக்கம், விடுதிக்கும் அதுவே சட்டம். அதனால் வெயில் மஞ்சளானதும் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அத்தனை பேரும் ஓடுவார்கள். அதற்குப் பிறகு விளக்கேற்றும்வரை நானும் ஆர்மோனியமும்தான்.

ஒரு நாள் தயாவதி அம்மாள் வந்து உட்கார்ந்து கேட்டார். முகம் சுளித்தது. "என்னம்மா, தாளம் நொண்டுதே? பிள்ளைங்களும் நொண்டிக்கினே பாடுதுங்க."

எனக்குக் கோபம் வந்தது. என் சுரத்தைக் குறை சொல்லலாம், என் தாளத்தை யாரும் சொன்னதில்லை. மறுநாள் விடுதிக்குப் போய் அங்கிருந்த கை ஆர்மோனியப் பெட்டியில் அதே பாட்டை வாசித்தேன். பிசகே இல்லை. வீட்டுக்கு வந்து குழியில் கால் வைத்து வாசித்தேன். வலது கால் சட்டென்று இறங்கியது, இடது கால் தயங்கித் தயங்கி இறங்கியது. காற்று வந்தால்தானே விரல் போகும். பாட்டும் அதன்படியே இழுத்து இழுத்து நடந்தது. காலை நான் அதட்டினேன், கேட்கவில்லை. என் கால் என் பேச்சைக் கேட்காதது அதுவே முதல் தடவை. பயந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்த நொண்டல் பாட்டுக்கு ஊரில் ஒரே ஒரு ரசிகை இருந்தாள். நான் வாசிக்க ஆரம்பித்ததும் சமையலறையில் ராட்டை நின்றுவிடும். முடித்ததும் காப்பி வரும். "நேத்து மாதிரியே வாசி டீச்சர்" என்பாள் கங்கையம்மாள். பாராட்டுக்கு ஆசைப்பட்ட நான் அதை அதிகம் கிளறவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் அவள் காப்பி இல்லாமல் வந்தாள். பிள்ளைகள் போயாகிவிட்டது. குழியின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள்.

"அவருக்கு இடது காலு கொஞ்சம் குட்டை டீச்சர். சின்னதுல வண்டிச் சக்கரம் ஏறிடுச்சு. தறி மிதிச்சாருன்னா தெருக்கோடியிலயே தெரியும். ஒண்ணு டக்குனு வுழும், இன்னொண்ணு யோசிச்சி யோசிச்சி வுழும்."

நான் கால்களை மெதுவாக மேலே எடுத்துக்கொண்டேன்.

"இத்தினி நாளும் சந்தோசமா கேட்டுக்கினு இருந்தேன். வந்துட்டாரு, வந்துட்டாருன்னு. நேத்து நூல் சுத்திக்கினு இருக்கசொல்ல திடீர்னு தோணுது. உயிரோட இருக்கறவரு காலு இன்னொருத்தர் கால்ல வந்து ஏன் நிக்கணும்?"

அவள் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டையிலிருந்து கொழுந்தன் வரப்போவதைச் சொன்னாள். அண்ணனுக்குக் கருமாதிக் காரியத்தை முடித்துத் தாலியை வாங்கிவிட்டு, பாவு நூலை அறுத்துத் தறியை எடுத்துப்போக வேண்டும் என்று அவன் வருஷாவருஷம் கேட்கிறான். வருஷாவருஷம் இவள் மாட்டேன் என்கிறாள்.

"நாளைக்கு ஒரு தபா வாசி. நேரா வந்துச்சுன்னா, எங்கியோ நல்லா இருக்கறாருன்னு இப்பிடியே இருந்துடறேன். நொண்டுச்சுன்னா அவன் சொல்றதுக்குத் தலையாட்டிடறேன்."

"என் கால்ல ஏதோ நரம்புக் கோளாறுக்கா. அதை வெச்சு இதையெல்லாம் முடிவு பண்ணலாமா?"

"நீ வாசி" என்றாள்.

மறுநாள் பகல் முழுவதும், பாட்டு சொல்லிக்கொடுக்க வந்தவள் ஒருத்தியின் தாலிக்குத் தீர்ப்பு எழுத வேண்டிய கேடு ஏன் வந்தது என்று எரிச்சலாக இருந்தது. கடைசியில் ஏமாற்றுவது என்று முடிவு செய்தேன். கால் ஆர்மோனியத்தை ஒற்றைக் காலாலும் ஓட்டலாம். கொஞ்சம் வேகமாக மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். இடது காலை உள்ளே விட்டால்தானே நொண்டும்?

வெயில் மஞ்சளானது, பிள்ளைகள் ஓடினார்கள். கங்கையம்மாள் சமையலறையில் ராட்டையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் இடது காலை மடித்து என் அடியில் போட்டுக்கொண்டு, வலது காலை மட்டும் குழிக்குள் விட்டேன். பாட்டு நேராக வந்தது. முதல் அடி, இரண்டாம் அடி, பிசகே இல்லை. சமையலறையிலிருந்து நீளமாக ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவளுக்காக எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்தப் பொய்யைப் பற்றிக் கொஞ்சமும் வெட்கமில்லை.

மூன்றாம் அடியில் என் வலது காலுக்கு வேலை குறைந்தது. தேவைக்கு மேல் காற்று வந்தது. குனிந்து பார்த்தேன். குழிக்குள் இருட்டத் தொடங்கியிருந்தாலும் மிதிகள் தெரிந்தன. என் கால் இல்லாத இடது மிதி கீழே போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், யோசித்து யோசித்து இறங்கியது. அடியைத் தொட்டது. எழுந்தது. என் விரல்கள் அதற்காகக் காத்திருந்து அடுத்த சுரத்துக்குப் போயின.

நிறுத்தியிருக்கலாம். கையை எடுத்திருந்தால் போதும். எடுக்க முடிந்ததா, எடுக்க மனமில்லையா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

கங்கையம்மாள் சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். மடித்துப் போட்டிருந்த என் இடது காலைப் பார்த்தாள். பிறகு பாட்டைக் கேட்டாள். ஒரு கை கழுத்துக்குப் போய்த் தாலிக் கயிற்றை மூடிக்கொண்டது.

"நிறுத்தாத டீச்சர்" என்றாள், ரொம்ப மெதுவாக.

என் இடப்பக்கம் வந்து, ஒரு ஆள் உட்காருமளவுக்கு என்னைத் தள்ளிக்கொள்ளச் சொல்லி, குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒதுக்கினாள். மெட்டி போட்ட தன் இடது காலைக் குழிக்குள் இறக்கி, ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்த மிதியின் மேல் வைத்தாள். பாட்டு நிற்கவில்லை. ஒரு மிதி சட்டென்று விழ, இன்னொன்று தாமதமாக விழ, பாட்டு தெருக்கோடிவரை அப்படியே போய்க்கொண்டிருந்தது.