நிற்பவர் பாதசாரி அல்லர்

என்னைப் பற்றிய விவாதம் முடியும்வரை சாலையின் நடுத்திட்டிலேயே நிற்கும்படி கார்கள் கேட்டுக்கொண்டன. நின்றேன்.

எதிர்ப்பக்கம் கண் மருத்துவமனை. அதன் வாசலில் என் மனைவி அமலோற்பவம் கறுப்புக் கண்ணாடி அணிந்து நின்றாள். முந்தைய நாள் வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கண்ணாடிக்குள் கட்டு இருந்தது. இடது கண்ணிலும் பார்வை மங்கல்தான். அவளைப் பத்திரமாக வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆள் குறுக்கே வந்தால் புதிய கார்கள் தாமாகவே நின்றுவிடும். வந்திருப்பது ஆள்தானா என்பதை மட்டும் ஒருமனதாக முடிவு செய்ய வேண்டும்.

"சூடு இருக்கு," என்றது வெள்ளைக் கார்.

"டீக்கடை பாய்லர்லயும் இருக்கு," என்றது சிவப்புக் கார்.

"ரெண்டு கால் இருக்கு."

"ஏணிக்கும் இருக்கு. நடந்தாத்தான் பாதசாரி. நிக்கிறது கம்பம்."

"நீங்கதானே நிக்கச் சொன்னீங்க," என்றேன்.

"கம்பம் பேசுது," என்று சிவப்புக் கார் மற்றவற்றுக்கு அறிவித்தது.

ஒவ்வொரு கருத்துக்கும் சாலை கொஞ்சம் அகலமானது. அமலோற்பவம் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்துவிட்டாள். குரல் மட்டும் என் பக்கத்திலேயே கேட்டது.

"என்னங்க, இன்னுமா? வெயில்ல நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"பேசிட்டிருக்காங்க."

"உங்ககூடயா? யாருங்க அது, அவ்வளவு பொறுமைசாலி?"

கார்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"சார், கையக் காட்டிக்கினே நட சார். என்னாண்ட மிஷின்லாம் கெடையாது. பிரேக்கே அரைதான். இதுவரைக்கும் எல்லாரும் வூட்டுக்குப் போய்ச் சேந்துக்கினுதான் இருக்காங்க."

கையைக் காட்டினேன். கூச்சமாக இருந்ததால் பாதி உயரத்துக்குத்தான் காட்டினேன். வெள்ளைக் கார் என் முன்னால் வந்து கதவைத் திறந்தது.

"லிஃப்ட் கேக்குறாரு. அப்போ பயணி."

சிவப்புக் காரும் ஒப்புக்கொண்டது. எல்லோருக்கும் நிம்மதி. எதிர்ப்பக்கம் இறக்கிவிடும் என்று நினைத்து ஏறினேன். ஓட்டுநர் இல்லை. இருக்கை ஏற்கெனவே என் முதுகின் வடிவத்தில் குழிந்திருந்தது.

கார் கிளம்பியதும் அமலோற்பவம் சாலையில் இறங்கினாள்.

"அது என்ன?" என்று கார் என்னைக் கேட்டது. வேகம் குறையவில்லை.

"ஆள். என் மனைவி. நில்லு."

"உள்ள இருக்கறவங்க சொல்றது செல்லாது. எல்லாரும் சொந்தக்காரங்களத்தான் ஆளுன்னு சொல்றாங்க."

பிரேக்கைத் தேடிக் காலால் துழாவினேன். வெறும் மிதியடிதான் இருந்தது.

அவள் வலது கையை முழுசாக நீட்டி, உள்ளங்கையைக் காட்டியபடி நடந்து வந்தாள். கட்டுப் போட்ட கண் எங்கள் பக்கம் இருந்தது. அவள் திரும்பவே இல்லை.

கார் நின்றது. எல்லாக் கார்களும் நின்றன.

"இப்ப மட்டும் ஏன் நின்ன?"

"நம்மளப் பாக்கவே இல்லையே," என்றது கார். அதன் குரல் நடுங்கியது. "மாடுகூட ஒரு தடவ பாக்கும். பாக்காம வர்றது ஆளுங்க மட்டும்தான்."

அவள் எங்களுக்கு முன்னால் கடந்து போனாள். நான் கார் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன். ஆட்டோக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

அவள் நடுத்திட்டில் ஏறினாள். நான் நின்ற இடத்தில் கையால் துழாவினாள். கார் மறுபடி கிளம்பியது.

"என்னங்க, இருக்கீங்களா?" குரல் பக்கத்திலேயே கேட்டது.

"இருக்கேன்."

"எங்க? கையக் காட்டுங்க."

காட்டினேன். இந்த முறை முழு உயரத்துக்கும் காட்டினேன். காரின் கூரை இடித்தது.